பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் துல்லியமான மேனுவல் ஃபோகஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் கையால் ஃபோகஸ் செய்யத் தொடங்குவோர் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றியே வருகின்றன. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது படத்தில் ஏன் தெளிவாக விழவில்லை என்பதுதான் அது. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பழைய கேமரா என்று நான் சொல்வது, ஏறத்தாழ 2003 முதல் 2012 வரை வெளிவந்த, உள்ளே கண்ணாடியும் ஆப்டிகல் வியூஃபைண்டரும் கொண்ட பாடிகளை.

ஆட்டோ ஃபோகஸ் இருக்கும்போது கையால் ஏன் ஃபோகஸ் செய்ய வேண்டும்?

பெரும்பாலான படங்களுக்குத் தேவையில்லை. ஆட்டோ ஃபோகஸ் வசதியே இல்லாத பழைய லென்ஸ்களை மாட்டும்போதும், மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோ படங்களிலும், இரவு வானத்தை எடுக்கும்போதும், கம்பி வலைக்கோ இலைகளுக்கோ பின்னால் இருப்பதை எடுக்கும்போதும் கைதான் உதவும். நிக்கான் டி40, டி60, டி3000, டி5000 போன்ற பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஆகவே பாடியின் மோட்டாரை நம்பி இயங்கும் ஏ.எஃப்.-டி வகை லென்ஸ்களை அவற்றில் மாட்டினால் வளையத்தை நாம்தான் சுழற்றியாக வேண்டும்.

லென்ஸில் வளையம் இருக்கிறது, ஆனால் சுற்ற மறுக்கிறதே?

லென்ஸிலோ பாடியிலோ உள்ள ஏ.எஃப்./எம்.எஃப். பொத்தானை எம்.எஃப். பக்கம் தள்ளிய பிறகே சுழற்ற வேண்டும். கேனனின் வளைய வகை யு.எஸ்.எம். மோட்டார் கொண்ட லென்ஸ்களைப் பொத்தானை மாற்றாமலேயே சுழற்றலாம். விலை குறைந்த பல லென்ஸ்களில் அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் பற்சக்கரங்களுக்குக் கேடு. வளையம் தடுக்கிறது என்றால் வலுவைக் காட்டாதீர்கள்.

வியூஃபைண்டரில் எல்லாமே சற்று மங்கலாகத்தான் தெரிகிறது. கண்ணாடி அணிந்து பார்க்க வேண்டுமா?

முதலில் டயாப்டரை, அதாவது உங்கள் கண்ணுக்கு ஏற்ப வியூஃபைண்டரைத் திருத்தும் அமைப்பை, சரிசெய்யுங்கள். வியூஃபைண்டரின் ஓரத்தில் ஒரு சிறு சக்கரமோ நெம்புகோலோ இருக்கும். லென்ஸ் முழுவதும் மங்கலாக இருக்கும்படி வளையத்தைச் சுழற்றிவிட்டு, வெளிச்சமான வெறும் சுவரையோ வானத்தையோ நோக்கிக் கேமராவைத் திருப்பி, உள்ளே தெரியும் ஃபோகஸ் புள்ளிகளின் கட்டங்களும் கோடுகளும் மிகக் கூர்மையாகத் தெரியும் வரை அந்தச் சக்கரத்தை நகர்த்துங்கள். காட்சியைப் பார்த்துக்கொண்டு டயாப்டரைத் திருப்புவது பரவலாக நிகழும் பிழை. அப்படிச் செய்தால் லென்ஸின் குறையை டயாப்டரும் டயாப்டரின் குறையைக் கண்ணும் மூடி மறைக்கும்.

கட்டங்களையே பார்க்கச் சொல்வதற்குக் காரணம், அவை ஃபோகஸிங் ஸ்கிரீனின் தளத்திலோ அதை ஒட்டியோ இருப்பதுதான். லென்ஸ் வழியே வரும் பிம்பம் விழுவதும் அதே ஸ்கிரீனில். நம் கண் அந்தத் தளத்தில் நிலைகொள்ளாவிட்டால் மற்ற எல்லா முயற்சியும் வீண். தூரப்பார்வைக்குக் கண்ணாடி அணிபவர்கள், படம் எடுக்கும்போதும் அதை அணிவார்களா மாட்டார்களா என்பதை முடிவு செய்துகொண்டு, அந்த நிலையிலேயே டயாப்டரைச் சரிசெய்வது நல்லது. களைத்த கண்ணுக்கு அளவு சற்று மாறும் என்பதால் நீண்ட நேரம் எடுக்கும்போது இடையில் ஒருமுறை சரிபார்க்கலாம்.

வியூஃபைண்டரில் மிகத் தெளிவாகத் தெரிந்தது. கணினியில் பெரிதாக்கினால் மங்கல். என் கண்தான் கோளாறா?

டயாப்டர் சரியாக இருக்குமானால், பெரும்பாலும் கண்ணின் மேல் பழியில்லை. ஆட்டோ ஃபோகஸ் காலத்துக் கேமராக்களின் ஃபோகஸிங் ஸ்கிரீன் கையால் ஃபோகஸ் செய்வதற்காக வடிவமைக்கப்பட்டதன்று. எஃப்/3.5 முதல் எஃப்/5.6 வரை மட்டுமே திறக்கும் (எஃப் எண் சிறியதானால் லென்ஸின் துளை, அதாவது அப்பர்ச்சர், அகலம்) சாதாரண ஜூம் லென்ஸ்களிலும் வியூஃபைண்டர் வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, ஒளியைக் குறைவாகச் சிதறடிக்கும் மிக நுண்ணிய பரப்பை அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். வெளிச்சம் கூடியது, ஆனால் லென்ஸின் ஓரங்களிலிருந்து சாய்வாக வரும் ஒளிக்கதிர்கள் கண்ணை எட்டாமல் போயின. அந்தச் சாய்ந்த கதிர்கள்தாம் ஃபோகஸ் தவறியதை மங்கலாகக் காட்டுபவை.

விளைவு என்னவென்றால், எஃப்/1.4 லென்ஸை மாட்டினாலும் ஸ்கிரீன் காட்டுவது ஏறத்தாழ எஃப்/2.8 அளவிலான காட்சியைத்தான். உண்மையில் தெளிவாக விழப்போவதைவிட அதிக ஆழம் தெளிவாக இருப்பதாக அது நம்மை நம்பவைக்கிறது. இதை நீங்களே சோதிக்கலாம். அப்பர்ச்சர் வளையம் கொண்ட பழைய எஃப்/1.4 லென்ஸை, வளையத்தைத் திருப்பினால் உடனே துளை சுருங்கும் விதத்தில் அடாப்டரில் (வேறு வகை லென்ஸைப் பாடியில் பொருத்த உதவும் வளையத்தில்) மாட்டி, 1.4-இலிருந்து 2 வழியாக 2.8-க்குத் திருப்பியபடி வியூஃபைண்டரைப் பாருங்கள். வெளிச்சமும் பின்புல மங்கலும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். 2.8-ஐத் தாண்டிய பிறகே இருளத் தொடங்கும்.

ஆகவே எஃப்/4-இலும் அதற்குக் குறைந்த துளையிலும் எடுப்பவருக்கு இந்த ஸ்கிரீன் போதுமானது. எஃப்/2-ஐவிட அகலமாகத் திறந்து எடுப்பவர் ஸ்கிரீனை மட்டும் நம்பக் கூடாது.

ஃபிலிம் கேமராவில் இதே லென்ஸை வைத்து எளிதாக ஃபோகஸ் செய்தேனே, இதில் ஏன் முடியவில்லை?

மேலே சொன்ன ஸ்கிரீன் ஒரு காரணம். ஃபிலிம் காலத்து மேனுவல் கேமராக்களில் ஸ்கிரீன் சொரசொரப்பாக இருந்தது. நடுவில் பிம்பத்தை இரண்டாக வெட்டிக் காட்டும் ஸ்பிளிட் பிரிசமும் அதைச் சுற்றி மைக்ரோபிரிச வளையமும் இருந்தன. வெட்டுண்ட கோடு ஒன்றாகச் சேர்ந்தால் ஃபோகஸ் சரி; ஊகத்துக்கு அங்கே இடமில்லை.

மற்றொரு காரணம் அளவு. ஒலிம்பஸ் ஓ.எம்.-1-இன் வியூஃபைண்டர் உருப்பெருக்கம் 0.92. கேனன் 400டி-இன் உருப்பெருக்கம் 0.8 என்று அறிவிக்கப்பட்டிருந்தாலும், அதன் சென்சார் 1.6 மடங்கு சிறியது என்பதால் முழு ஃபிரேமோடு (ஃபிலிம் சட்டகத்தின் அளவோடு) ஒப்பிட 0.5 என்றே கொள்ள வேண்டும். அதாவது கண்ணுக்குத் தெரியும் சட்டகம் பாதியை ஒட்டிய அளவுதான். நிக்கான் டி90, டி300 ஆகியவற்றின் 0.94 என்பதும் இதே கணக்கில் சுமார் 0.63 ஆகிறது. முழு ஃபிரேம் கேனன் 5டி-இல் அது 0.71. விலை குறைந்த பாடிகளில் கண்ணாடிப் பட்டகத்துக்குப் பதிலாகச் சிறு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த பென்டாமிரர் இருப்பதால் வெளிச்சமும் குறையும்.

எவ்வளவு துல்லியம் தேவை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

முழு ஃபிரேமைவிடச் சிறிய ஏ.பி.எஸ்.-சி சென்சார் கொண்ட பாடியில் 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-இல் வைத்து 2 மீட்டர் தொலைவில் இருப்பவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் முன்னும் பின்னுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 11 செ.மீ. தொலைவை 1 மீட்டராகக் குறைத்தால் அது 3 செ.மீ.-க்கும் குறைந்துவிடும். 85 மி.மீ. லென்ஸில் அதே எஃப்/1.8, அதே 2 மீட்டர் என்றால் சுமார் 4 செ.மீ.; கண்ணுக்கும் காதுக்கும் இடையிலான தொலைவைவிடக் குறைவு. 50 மி.மீ. லென்ஸையே எஃப்/8-க்குச் சுருக்கினால் 2 மீட்டரில் அரை மீட்டர் அளவுக்கு இடம் கிடைக்கும்.

இந்த எண்கள் சிறிய அச்சுப் படத்தைக் கருத்தில் கொண்டு கணக்கிடப்படுபவை. கணினித் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இவற்றில் பாதியையே தங்களுக்கு உரியதாகக் கொள்வது நல்லது.

உள்ளே ஒரு பச்சைப் புள்ளி எரிகிறது. அதை நம்பலாமா?

நம்பலாம், அதன் எல்லை தெரிந்தால். கேமராவின் கண்ணாடி முழுக்க ஒளிபுகாதது அன்று. நடுப்பகுதி சிறிது ஒளியை உள்ளே விட, பின்னால் இருக்கும் ஒரு குட்டிக் கண்ணாடி அதைக் கேமராவின் அடியில் உள்ள ஆட்டோ ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்புகிறது. லென்ஸைக் கையால் சுழற்றினாலும் ஷட்டரை அரையளவு அழுத்தியிருக்கும் வரை அந்தச் சென்சார் வேலை செய்யும். நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபோகஸ் புள்ளியின் இடத்தில் பிம்பம் சேர்ந்துவிட்டது என்று அது கருதினால் பச்சைப் புள்ளி எரியும். பல பாடிகளில் ஒலியும் வரும்.

இந்தப் புள்ளி ஃபோகஸிங் ஸ்கிரீனின் குறைகளுக்குக் கட்டுப்பட்டதன்று. எஃப்/1.8 போன்ற திறப்பில் ஸ்கிரீனைவிட இதையே நான் நம்புவேன். நடுப்புள்ளியையே பயன்படுத்துங்கள். கேனன் 400டி, 40டி, 5டி போன்றவற்றில் எஃப்/2.8 அல்லது அதைவிட அகலமான லென்ஸ்களுக்குக் கூடுதல் துல்லியம் தருவது நடுப்புள்ளி மட்டுமே.

வளையத்தைக் கொஞ்சம் திருப்பினாலும் புள்ளி அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. எங்கே நிறுத்துவது?

புள்ளிக்கு ஒரு சகிப்பு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் எங்கிருந்தாலும் அது எரியும். அதனால்தான் புள்ளி எரிந்த கணமே ஷட்டரை அழுத்துபவரின் படங்கள், வளையத்தை எந்தப் பக்கத்திலிருந்து சுழற்றினார் என்பதைப் பொறுத்து முன்னாலோ பின்னாலோ விலகிப் போகின்றன. அருகிலிருந்து தொலைவை நோக்கி மெதுவாகச் சுழற்றிப் புள்ளி எங்கே எரியத் தொடங்குகிறது என்று பாருங்கள். நிறுத்தாமல் தொடர்ந்து சுழற்றி எங்கே அணைகிறது என்றும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் வளையத்தைக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

எந்தத் திசையில் திருப்ப வேண்டும் என்று அம்புக்குறிகள் காட்டும் பாடிகளில் இது இன்னும் எளிது. நிக்கான் டி700, டி3 போன்றவற்றில் அந்த அம்புகள் உண்டு. டி60, டி5000 ஆகியவற்றில் ரேஞ்ச்ஃபைண்டர் என்ற அமைப்பை மெனுவில் இயக்கினால், எக்ஸ்போஷர் அளவுகோலே எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று காட்டும். முழு மேனுவல் எக்ஸ்போஷரில் மட்டும் அது கிடைக்காது.

அடாப்டரில் மாட்டிய பழைய லென்ஸுக்குப் புள்ளியே எரிவதில்லை. கேமரா பழுதா?

பழுதில்லை. கேனன் பாடி, லென்ஸிலிருந்து மின்தொடர்பு வந்தால்தான் ஃபோகஸ் உறுதிப்பாட்டைக் காட்டும். எம்42 என்ற பழைய திருகு மவுண்ட் லென்ஸ்களுக்கான, வெறும் உலோக வளையமான அடாப்டரில் அந்தத் தொடர்பு இல்லை. சிப் பொருத்திய அடாப்டர்கள் கிடைக்கின்றன; அவை ஏதோ ஒரு கேனன் லென்ஸ் மாட்டப்பட்டிருப்பதாகப் பாடிக்குத் தெரிவிக்க, புள்ளி வேலை செய்யும். சிப் ஒட்டியிருக்கும் இடம் கொஞ்சம் தவறினாலும் தொடர்பு விட்டுவிட்டு வரும் என்பதால் வாங்கியதும் சோதித்துவிடுங்கள். நிக்கான், பென்டாக்ஸ் பாடிகளில் சிப் இல்லாமலே புள்ளி எரியும்.

ஏறத்தாழ எந்தப் பாடியானாலும் ஒரு நிபந்தனை உண்டு. ஃபோகஸ் சென்சாருக்கு எஃப்/5.6 அளவு ஒளியாவது வேண்டும். துளையைக் கையால் எஃப்/8-க்குச் சுருக்கிவிட்டுப் புள்ளியைத் தேடுவதில் பயனில்லை. திறந்து வைத்து ஃபோகஸ் செய்துவிட்டுப் பிறகு சுருக்குங்கள்.

லைவ் வியூ இருந்தால் இவ்வளவும் தேவையில்லையே?

அசையாத பொருள், முக்காலி, நேரம் ஆகிய மூன்றும் இருந்தால் தேவையில்லை. லைவ் வியூவில் பார்ப்பது படம் பதியும் சென்சாரிலிருந்தே வரும் காட்சி. ஸ்கிரீனும் கண்ணாடியும் ஃபோகஸ் சென்சாரும் அங்கே குறுக்கிடுவதில்லை. எனவே அவற்றின் பிழைகளும் இல்லை. 2007-இல் வந்த கேனன் 40டி, நிக்கான் டி300, 2008-இல் வந்த கேனன் 450டி, நிக்கான் டி90 ஆகியவற்றில் இந்த வசதி உண்டு. அவற்றுக்கு முந்திய கேனன் 400டி, 5டி, நிக்கான் டி40, டி80, டி200 ஆகியவற்றில் இல்லை.

காட்சியை 5 மடங்கோ 10 மடங்கோ பெரிதாக்கி, வளையத்தை இருபுறமும் அசைத்து, அசைவின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, உச்சத் தெளிவில் நிறுத்துங்கள். துணியின் இழை, முடி, எழுத்து போன்றவற்றில் மெல்லிய மினுமினுப்போ பொய்யான வண்ணமோ தோன்றினால், அது ஃபோகஸ் மிகச் சரியாக வந்துவிட்டதற்கான அடையாளம். 40டி, 450டி ஆகியவற்றின் திரை 2,30,000 புள்ளிகள் மட்டுமே கொண்டது. பெரிதாக்காமல் அதில் ஃபோகஸை மதிப்பிட முடியாது. வெயிலில் திரையைப் பார்க்க முடியாமல் போவதும், கைநீட்டிப் பிடிக்கும்போது கேமரா முன்னும் பின்னும் அசைவதும் லைவ் வியூவின் தொல்லைகள். கையில் வைத்து ஆள் படம் எடுப்பதற்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

என் கேமராவில் லைவ் வியூ இல்லை. என்ன செய்வது?

படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் உங்கள் லைவ் வியூ. பின்திரையில் பெரிதாக்கும்போது முழு அளவுக்கும் மேலே போகாதீர்கள். அதற்கு மேல் எல்லாமே மங்கலாகத்தான் தெரியும். படம் முக்கியமானது என்றால், புள்ளி எரியும் எல்லையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வளையத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தியபடி சில படங்களை அடுத்தடுத்து எடுத்து வைத்துக்கொண்டு, கணினியில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வளையத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு உடலை மட்டும் மெல்ல முன்னே சாய்த்தபடி எடுத்தாலும் அதே பலன் கிடைக்கும். ஆள் படங்களுக்கு இதுவே வசதி.

ஸ்கிரீனும் புள்ளியும் சரியாக இருக்கின்றனவா என்று எப்படிச் சோதிப்பது?

அச்செழுத்துகள் நிறைந்த ஒரு தட்டையான அட்டையைச் சென்சாருக்கு இணையாக நிற்க வையுங்கள். அதன் பக்கவாட்டில் ஓர் அளவுகோலைச் சாய்வாக, அதன் நடுக்கோடு அட்டையின் தளத்தோடு பொருந்தும்படி வையுங்கள். ஃபோகஸ் செய்ய வேண்டியது அட்டையில். படிக்க வேண்டியது அளவுகோலில். அளவுகோலிலேயே நேராக ஃபோகஸ் செய்யும் சோதனை ஏமாற்றும். ஏனென்றால் ஃபோகஸ் சென்சார் உணரும் பரப்பு வியூஃபைண்டரில் தெரியும் கட்டத்தைவிடப் பெரியது. சாய்ந்த பரப்பில் அது எந்தக் கோட்டைப் பிடித்தது என்று நமக்குத் தெரியாது.

கேமராவை முக்காலியில் ஏற்றி, லென்ஸின் குவியத் தூரத்தைப் போல் சுமார் 50 மடங்கு தொலைவில் நிறுத்துங்கள், 50 மி.மீ. லென்ஸுக்கு அது 2.5 மீட்டர். துளையை முழுவதும் திறந்து, டைமரில் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன் வளையத்தை முழுவதும் விலக்கிவிட்டுப் புதிதாக ஃபோகஸ் செய்யுங்கள். முதலில் புள்ளியைப் பார்க்காமல் ஸ்கிரீனை மட்டும் நம்பிச் சில படங்கள். பிறகு ஸ்கிரீனைப் பொருட்படுத்தாமல் புள்ளியின் நடுவை மட்டும் நம்பிச் சில படங்கள். லைவ் வியூ இருந்தால் அதிலும் சில. ஒரே பக்கமாக எல்லாப் படங்களும் விலகியிருந்தால் கருவியில் பிழை. முன்னும் பின்னுமாகச் சிதறியிருந்தால் முறையில் பிழை.

சோதித்தேன். ஸ்கிரீனை நம்பினால் எப்போதும் பின்னால் போகிறது. இதைத் திருத்த முடியுமா?

முடியும். லென்ஸிலிருந்து கண்ணாடி வழியே ஸ்கிரீனுக்குப் போகும் தொலைவும், லென்ஸிலிருந்து சென்சாருக்குப் போகும் தொலைவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்கிரீனுக்கான தொலைவு கூடியிருந்தால் ஃபோகஸ் பொருளுக்குப் பின்னால் விழும். குறைந்திருந்தால் முன்னால் விழும். இதில் எவ்வளவு சிறிய பிழையும் பெரிதாகும்: 50 மி.மீ. லென்ஸில் 2 மீட்டர் தொலைவில் 0.05 மி.மீ. வேறுபாடு, ஃபோகஸைச் சுமார் 7.5 செ.மீ. நகர்த்திவிடும். முன்பு சொன்ன 11 செ.மீ. ஆழத்தில் பின்பக்கம் நமக்குரியது அதில் பாதிதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஸ்கிரீனோடு வைக்கப்படும் மெல்லிய தகட்டைச் சேர்த்தோ நீக்கியோ தடிமனை மாற்றியோ இந்தத் தொலைவைத் திருத்துகிறார்கள். கண்ணாடி கீழே வந்து அமரும் இடத்திலுள்ள திருகையும் சிலர் திருப்புவார்கள். அதை நான் எவருக்கும் சொல்வதில்லை: பெரிய கண்ணாடியின் சாய்வு மாறினால் ஸ்கிரீனில் பிழை சரியாகலாம், ஆனால் பிம்பத்தின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் வேறுபடத் தொடங்கும். குட்டிக் கண்ணாடியின் திருகைத் தொட்டுவிட்டால் ஆட்டோ ஃபோகஸும் கெடும்.

புள்ளி மட்டும் விலகுகிறது என்றால் ஆட்டோ ஃபோகஸ் நுண்திருத்தம் உள்ள பாடிகளில் மெனுவிலேயே சரிசெய்யலாம். கேனன் 50டி, 5டி மார்க் 2, நிக்கான் டி300, டி700, பென்டாக்ஸ் கே20டி ஆகியவற்றில் அது உண்டு. கேனன் 40டி-இல் இல்லை. நிக்கானில் சிப் இல்லாத பழைய லென்ஸ்களுக்கு இத்திருத்தம் பொருந்தாது. திருத்த வழியே இல்லாவிட்டால், புள்ளி எரியும் எல்லையின் நடுவில் நிறுத்துவதற்குப் பதிலாக, சோதனை காட்டிய பக்கத்துக்கு ஏற்ப அருகு முனையிலோ தொலைவு முனையிலோ நிறுத்தப் பழகுங்கள். கச்சிதமான வழியன்று, ஆனால் வேலை செய்கிறது.

ஸ்கிரீனையே மாற்றிவிட்டால் என்ன?

பெரிய திறப்புள்ள லென்ஸ்களையே பெரும்பாலும் பயன்படுத்துபவருக்கு இது நல்ல முடிவு. கேனனே 5டி-க்கு ஈ-எஸ், 40டி, 50டி, 60டி-க்கு எஃப்-எஸ், 5டி மார்க் 2-க்கு ஜி-எஸ் என்று முடியும் பெயர்களில் துல்லிய ஸ்கிரீன்களை விற்றது. எஃப்/2.8 அல்லது அதைவிட அகலமான லென்ஸ்களில் ஃபோகஸ் நழுவும் இடம் அவற்றில் பளிச்சென்று தெரியும், மாறாக எஃப்/5.6 ஜூமை மாட்டினால் இருட்டாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். மாற்றியதும் மெனுவில் ஸ்கிரீன் வகையைக் குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ஒளி அளவீடு தவறும்.

ஸ்பிளிட் பிரிசம் உள்ள பிற நிறுவன ஸ்கிரீன்களும் உண்டு. எஃப்/5.6 அளவில் பிரிசத்தின் ஒரு பாதி கறுத்துவிடும் என்பதையும், ஸ்பாட் அளவீடு பிறழலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டே வாங்க வேண்டும். எந்த ஸ்கிரீனானாலும் மாற்றிய பின் முன்சொன்ன சோதனையை மறுபடியும் செய்தாக வேண்டும். பரப்பை விரலால் தொடாதீர்கள். அந்த மென்மையான நெகிழியில் விழும் கீறல் போகாது.

ஐபீஸில் மாட்டும் உருப்பெருக்கி பயன்படுமா?

பயன்படும், அளவோடு. நிக்கான் டி.கே.-21எம் 1.17 மடங்கும், கேனன் எம்.ஜி.-இ.பி. 1.2 மடங்கும் பெரிதாக்குகின்றன. பெரிதாகத் தெரிவது கண்ணுக்கு உதவி. ஸ்கிரீன் மறைக்கும் மங்கலை அது வெளிக்கொணராது. கண்ணாடி அணிபவர்களுக்குச் சட்டகத்தின் ஓரங்கள் தெரியாமல் போகலாம்.

நடுவில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்பிச் சட்டகம் அமைக்கிறேன். கண் மட்டும் மங்கலாகிறதே?

ஃபோகஸ் என்பது கேமராவிலிருந்து சம தொலைவில் உள்ள வளைந்த பரப்பன்று. சென்சாருக்கு இணையான தட்டையான தளம். கேமராவைத் திருப்பினால் அந்தத் தளமும் சேர்ந்து திரும்புகிறது. 1 மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்துவிட்டு 15 பாகை திருப்பினால், தளம் ஆளுக்கு 3.4 செ.மீ. பின்னால் போய்விடும். 50 மி.மீ. எஃப்/1.8-க்கு அந்தத் தொலைவில் மொத்த ஆழமே 3 செ.மீ.-க்குக் குறைவு என்று மேலே பார்த்தோம்.

திருப்புவதற்குப் பதிலாகக் கேமராவை இணையாக நகர்த்தலாம். இல்லையென்றால் முதலில் சட்டகத்தை அமைத்துவிட்டு, கண் இருக்கும் இடத்திலேயே ஸ்கிரீனைப் பார்த்து ஃபோகஸ் செய்யலாம். ஸ்கிரீனின் எந்த மூலையிலும் ஃபோகஸ் செய்யலாம் என்பது, புள்ளிகளோடு கட்டுண்ட ஆட்டோ ஃபோகஸுக்கு இல்லாத வசதி.

எஃப்/1.4-இல் சரியாக ஃபோகஸ் செய்து எஃப்/2.8-இல் எடுத்தால் விலகுகிறது. இது எப்படி நடக்கும்?

சில லென்ஸ்களில் கோளப் பிறழ்ச்சி முழுவதும் திருத்தப்படாமல் இருக்கும். லென்ஸின் ஓரத்து ஒளியும் நடு ஒளியும் ஒரே இடத்தில் குவியாததால், துளையைச் சுருக்கி ஓரத்து ஒளியை வெட்டும்போது உச்சத் தெளிவின் இடமே நகர்ந்துவிடுகிறது, பெரும்பாலும் பின்னோக்கி. மிக அகலமான 50 மி.மீ. லென்ஸ்களில் இதை அடிக்கடி காணலாம். எஃப்/5.6-க்கு மேல் ஆழம் கூடிப் பிழையை விழுங்கிவிடும். எஃப்/2 முதல் எஃப்/4 வரைதான் தொந்தரவு. எடுக்கப்போகும் துளையிலேயே லைவ் வியூவில் ஃபோகஸ் செய்வது நம்பகமான தீர்வு.

தொலைவு மலையை எடுக்க வளையத்தை முடிவிலிக் குறியில் நிறுத்தினால் போதாதா?

போதாது. பல லென்ஸ்கள் முடிவிலியைத் தாண்டியும் சுழலும். வெப்பத்தில் லென்ஸின் பாகங்கள் விரிவதற்கு இடம் விட்டிருப்பது ஒரு காரணம். அடாப்டர்களையும் முடிவிலி கிடைக்காமல் போய்விடக் கூடாதென்று ஒரு நூலிழை மெலிதாகவே செய்கிறார்கள். தொலைவிலுள்ள ஒன்றை நடுப்பகலில் கவனமாக ஃபோகஸ் செய்து, அந்த இடத்தை உங்கள் லென்ஸில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரவு வானத்துக்கு லைவ் வியூவில் பிரகாசமான விண்மீனை 10 மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகச் சுருங்கும் இடத்தில் வளையத்தை ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். லைவ் வியூ இல்லாதவர்கள் ஐ.எஸ்.ஓ.-வை உயர்த்திச் சில நொடிச் சோதனைப் படங்களை எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, திருத்த வேண்டும்.

எம்42 லென்ஸை நிக்கானில் மாட்டினால் தூரத்தில் எதுவுமே தெளிவாவதில்லை. லென்ஸ் கெட்டதா?

லென்ஸ் நன்றாகவே இருக்கும். எம்42 லென்ஸ் தன் மவுண்டிலிருந்து 45.46 மி.மீ. பின்னால் சென்சாரை எதிர்பார்க்கிறது. நிக்கானில் அது 46.5 மி.மீ. தொலைவில் இருக்கிறது. அடாப்டரின் தடிமனைக் கணக்கில் சேர்க்காமலே 1.04 மி.மீ. கூடுதல். 50 மி.மீ. லென்ஸில் அதனால் ஏறத்தாழ 2.5 மீட்டருக்கு அப்பால் ஃபோகஸே கிடைக்காது. நடுவில் ஒரு சிறு லென்ஸ் வைத்த அடாப்டர் முடிவிலியைத் தரும். தெளிவைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கேனனின் தொலைவு 44 மி.மீ. என்பதால் அதில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் முழு ஃபிரேம் 5டி-இல் சில பழைய லென்ஸ்களின் பின்பகுதி முடிவிலியில் கண்ணாடியைத் தட்டும். முதல்முறை மாட்டும்போது கவனம் தேவை.

மேக்ரோவில் வளையத்தைத் திருப்பத் திருப்பப் பொருள் பெரிதும் சிறிதுமாகிறது. எப்படிப் பிடிப்பது?

வளையத்தை விட்டுவிடுங்கள். வேண்டிய உருவ அளவை வளையத்தால் ஒருமுறை அமைத்துவிட்டு, கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தி ஃபோகஸ் செய்ய வேண்டும். உண்மை அளவில், அதாவது 1:1-இல், ஏ.பி.எஸ்.-சி பாடியில் எஃப்/8-இல்கூட ஆழம் சுமார் 0.6 மி.மீ.தான். முக்காலியில் பொருத்தும் திருகுத் தண்டவாளம் இதற்காகவே செய்யப்பட்டது. கையில் பிடித்து எடுப்பவர்கள் மெல்லச் சாய்ந்தபடி தொடர்ச்சியாகச் சில படங்களை எடுப்பதே நடைமுறை.

நகரும் ஆட்களைக் கையால் ஃபோகஸ் செய்ய முடியுமா?

துரத்திப் பிடிப்பது கடினம். காத்திருந்து பிடிப்பது எளிது. அவர் வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் செய்து வைத்து, அங்கே வருவதற்கு ஒரு கணம் முன்பே அழுத்துங்கள். பென்டாக்ஸ் பாடிகளில் ஒரு நல்ல வசதி உண்டு: மேனுவல் லென்ஸை மாட்டி, பாடியை ஆட்டோ ஃபோகஸ் நிலையில் வைத்து, ஷட்டரை முழுவதும் அழுத்தியபடி காத்திருந்தால், பொருள் தெளிவுக்குள் வந்த கணத்தில் கேமரா தானே படம் எடுக்கும். சில பாடிகளில் இதை மெனுவில் இயக்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் மங்கல். இது ஃபோகஸ் பிழைதானா என்று எப்படி அறிவது?

படத்தில் வேறு ஏதாவது தெளிவாக இருக்கிறதா என்று தேடுங்கள். ஆளின் காதோ பின்னால் உள்ள சுவரோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் விலகியிருக்கிறது. எங்கும் எதுவும் கூர்மையாக இல்லாமல், ஒளிப்புள்ளிகள் ஒரே திசையில் கோடுகளாக நீண்டிருந்தால் அது கை நடுக்கம். ஏ.பி.எஸ்.-சி பாடியில் 50 மி.மீ. லென்ஸுக்கு 1/80 நொடியைவிட மெதுவாகப் போனால் இதை எதிர்பார்க்கலாம்.

நடுவில் கூர்மை, ஓரங்களில் மட்டும் மங்கல் என்றால் லென்ஸைச் சந்தேகியுங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவு மங்கி, மூலையிலேயே ஃபோகஸ் செய்யும்போது மூலை தெளிவாகி நடுப்பகுதி மங்கினால், அந்த லென்ஸின் ஃபோகஸ் தளம் வளைந்தது. துளையைச் சுருக்கினால் சரியாகும். ஒரு பக்க மூலை மட்டும் எப்போதும் மங்கினால், கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அதே சுவரை மறுபடி எடுங்கள். அந்த மங்கல் படச் சட்டகத்தின் அதே மூலையில் நின்றால், லென்ஸின் உறுப்பு ஒன்று நடுவிலிருந்து விலகியிருக்கலாம் அல்லது மவுண்டோ அடாப்டரோ சாய்ந்திருக்கலாம். வேறொரு லென்ஸை மாட்டியும் அதே மூலை மங்கினால் பாடியைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.